ரெண்டு தட்டு

எலும்பு இல்ல சார். எலும்பெல்லாம் சேந்துருச்சு. நரம்பு.

நீங்க ஏறுனதுலேருந்து பாத்துக்கிட்டே வர்றீங்க, கேக்கலாமா வேணாமான்னு. கேட்டா என்ன சார், தப்பா? முன் சீட்டுல சன்னலோரமா கையில பட்டை மாட்டிக்கிட்டுத் தூங்குதுல்ல, அது என் மகதான். யோகஸ்ரீ. பி.காம். ரெண்டாவது வருசம். அவ பக்கத்துல எடம் இருந்துச்சு, பைய வச்சுக்கிட்டா. கைய நீட்டி மடக்க வசதியா இருக்கும்ல, அதுக்காகத்தான் வச்சிருக்கா. அதான் நான் பின்னாடி உங்ககூட உக்காந்தேன். மதுரைக்கு நரம்பு டாக்டர்ட்டப் போறோம். கரண்டு வச்சு சோதிப்பாங்களாம்.

பஸ் ஸ்டாண்டு வாசல்ல ஒரு பிளெக்ஸ் கிழிஞ்சு தொங்குச்சே, பாத்தீங்களா? "ஜப்பான் மண்ணில் கால் பதிக்கும் அருப்புக்கோட்டையின் வீரமங்கையே, வருக வருக"ன்னு. போகப் போற புள்ளைக்கு எதுக்குடா வருக வருகன்னு போட்டீங்கன்னு கேட்டேன், எப்பவும் அப்பிடித்தாண்ணே போடுவோம்னாங்க. அது இவதான். ஊர்ச் சங்கத்துல வச்சாங்க. விமான டிக்கெட்டும் அவங்கதான் போட்டுக் குடுத்தாங்க. மே மாசம் வச்சது. யாரும் அவுக்கல, நானும் அவுக்கல. காத்துல தானாக் கிழியுது.

கராத்தே இல்ல சார், ஜூடோ. ஊர்ல எல்லாரும் கராத்தேன்னுதான் சொல்றாங்க, திருத்தறதையும் விட்டுட்டேன். கராத்தேன்னா அடிக்கிறது. ஜூடோன்னா புடிக்கிறது. புடிச்சு, தூக்கிப் போட்டு, கீழ அமுக்கி, கைய மடக்கி, கழுத்த நெரிச்சு. பயந்துறாதீங்க, அதுல ஒரு ஏற்பாடு இருக்கு. தாங்க முடியலன்னா கையால ரெண்டு தட்டு தட்டணும். எதிராளி முதுகுலயோ, தரையிலயோ. டப் டப். தட்டுன அந்த நொடியே எதிராளி விட்டுறணும். ஏன் எதுக்குன்னு கேக்கக் கூடாது. விட்டுறணும். தட்டுனவன் தோத்தான். அம்புட்டுதான் சட்டம்.

நான் தட்டியிருக்கேன் சார். தொண்ணூத்தொண்ணுல, திருச்சியில. ஸ்டேட் ஃபைனலு. ஜெயிச்சா ரயில்வேயில வேல, ஸ்போர்ட்ஸ் கோட்டாவுல எழுதியே வச்சிருந்தாங்க. ஈரோட்டுக்காரன் ஒருத்தன் பின்னாடியிருந்து கழுத்தப் புடிச்சான். கண்ணு இருட்டிக்கிட்டு வந்துச்சு. தட்டிட்டேன். இன்னும் மூணே செகண்டு சார். மூணு செகண்டு தாங்கியிருந்தா மணி அடிச்சிருக்கும். அவன் டிக்கெட் எக்ஸாமினர் ஆயிட்டான். நான் மில்லுல ஃபிட்டரு. வருத்தமெல்லாம் இல்ல. மில்லு என்ன கொறஞ்சதா? சும்மா சொல்றேன்.

இவளுக்கு ஏழு வயசுல ஆரம்பிச்சேன். மில் குடோன்ல தேங்காநார் மெத்தையப் போட்டு, மேல தார்ப்பாய இழுத்துக் கட்டி. நான் வற்புறுத்துனதே கிடையாது சார், யார வேணாலும் கேளுங்க. காலையில நாலரைக்கு எழுப்புவேன், எந்திரிச்சு வந்துரும். ஒரு நாளு மாட்டேன்னு சொன்னதில்ல. அடிச்சு வளக்காத புள்ளையும் முறுக்கி வளக்காத மீசையும் உருப்படாதும்பாங்க. நான் கை நீட்டுனதே இல்ல. ஒரே ஒரு பாடம்தான் சொல்லிக் குடுத்தேன். தட்டாத. என்ன ஆனாலும் தட்டாத. தட்டிட்டு வீட்டுக்கு வராத. சிரிப்புக்குத்தான் சார் சொன்னது, சின்னப் புள்ளைக்கு வெளையாட்டா.

பதினோரு வயசுல ஒரு தடவ தட்டிருச்சு. விருதுநகர்ல, மாவட்டப் போட்டியில. ஆறாங்கிளாஸ் புள்ள. திட்டுனேன்னு நெனைக்கிறீங்களா? ஒரு வார்த்த சொல்லல. நாலு நாளு பேசல, அம்புட்டுதான். சாப்பாடு போட்டா சாப்பிட்டேன், அது எதுக்க வந்தா செவுத்தப் பாத்தேன். அஞ்சாம் நாளு காலையில நாலு மணிக்கே அதுவா எந்திரிச்சு, டிரஸ்ஸ மாட்டிக்கிட்டு, வாசல்ல நின்னுச்சு. "போலாம்ப்பா. இனிமே தட்ட மாட்டேன்"னுச்சு. அன்னைக்கி எனக்கு எப்பிடி இருந்துச்சு தெரியுமா? ரயில்வேயில வேல கெடச்ச மாதிரி இருந்துச்சு. அதுக்கப்பறம் தட்டவே இல்ல சார். எட்டு வருசம். பதினாலு மெடலு.

இந்தாங்க, கடலை சாப்பிடுங்க. காரியாபட்டியில வாங்குனது. எனக்கு இப்ப எதுலயும் உப்பு தெரியல, ஒறப்பு தெரியல. சாப்பிடறேன், ஷிப்டுக்குப் போறேன், வர்றேன்.

சென்னையில ஒரு முகாம் நடத்த வந்த ஜப்பான் வாத்தியாரம்மா இவளப் பாத்துட்டு, எங்க ஊருக்கு வந்து பத்து நாளு இருந்து பழகுன்னாங்க. நாப்பத்தஞ்சு வயசு இருக்கும் அவங்களுக்கு. பேரு மொரிதா, ஆனா பேரு சொல்லக் கூடாது, சென்செய்னு சொல்லணும். வாத்தியாருன்னு அர்த்தம். ஒசாகா பக்கத்துல ஒரு சின்ன ஊரு. ஆறு நாளு பழக்கம், நாலு நாளு சுத்திப் பாக்குறதுன்னு நான் திட்டம் போட்டேன். இம்புட்டுத் தூரம் போயிட்டு ஊரப் பாக்காம வர முடியுமா? கோட்ட, கோயிலு, மான் பூங்கா எல்லாத்துக்கும் ஊர்லேருந்தே டிக்கெட்டு எடுத்துட்டேன். சாத்தப்பன்னு நெற்குப்பைக்காரத் தம்பி ஒருத்தரு, அங்க கம்பெனியில இருக்காரு. அவருதான் கூட இருந்து ரெண்டு பக்கத்துப் பேச்சையும் பாஷ மாத்திச் சொன்னாரு.

மொத நாளு என்ன சொல்லிக் குடுத்தாங்க தெரியுமா சார்? தட்டுறதுக்கு! ஒருத்தர் கைய ஒருத்தர் லேசாப் புடிக்கிறது, டப் டப், விடறது. மறுபடி புடிக்கிறது, டப் டப், விடறது. கை ரெண்டும் மாட்டிக்கிட்டா காலால தட்டணும். காலும் மாட்டிக்கிட்டா வாயால சொல்லணும். அர மணி நேரம் இதேதான். இதுக்கா கடல் தாண்டி வந்தோம்னு சாத்தப்பன்கிட்டச் சிரிச்சேன். அவரு சிரிக்கல. "தட்டத் தெரியாதவங்களோட நாங்க பழக மாட்டோம், தட்டுனா எதிராளி விட்டுருவான்னு நம்புறதுதான் மொதப் பாடம்னு சொல்றாங்கண்ணே"ன்னாரு.

இவ தட்டுறதப் பாக்கணுமே சார். கூச்சம். தட்டும்போதெல்லாம் என் பக்கம் ஒரு பார்வ. சாப்பாட்டு நேரத்துல சொன்னேன், "அதெல்லாம் அவங்க ஊரு மரியாத, பழகும்போது தட்டிக்க. நெசமா புடிச்சா நீ உன் பழக்கத்த விட்றாத"ன்னு. தலைய ஆட்டுச்சு.

நாலாம் நாளு மத்தியானம். தரையில புடிச்சுப் பழகுற நேரம். இவளோட மிஹோன்னு ஒரு புள்ள, ஸ்கூல் படிக்கிற புள்ள, பதினேழு வயசு, பாத்தா நம்ம ஊரு அணில் மாதிரி இருக்கும். வலது கையப் புடிச்சு முழங்கைய நீட்டிப் பூட்டுப் போட்டுருச்சு. நல்ல பூட்டு. நான் பாட்டுக்கு ஓரத்துல பெஞ்சில உக்காந்து செல்லுல வீடியோ எடுத்துக்கிட்டிருந்தேன். மடக்குன்னு ஒரு சத்தம். முருங்கக் கிளை ஒடியிற சத்தம்தான். முழங்கை எலும்பு எறங்கி ஒடிஞ்சுருச்சு.

அந்தப் புள்ள விட்டிருக்கலாம்ல சார்? நீங்களே சொல்லுங்க. தட்டலன்னா என்ன, கண்ணு தெரியலயா? இத்தனைக்கும் புடிச்ச புடியிலயே நிறுத்தி, சென்செயப் பாத்து அது என்னமோ கத்துச்சு. சென்செயும் அந்தக் கடைசியிலேருந்து ஓடி வந்தாங்க. வந்து சேர்றதுக்குள்ள இவ ஒரு முறுக்கு முறுக்குனா, வெளிய வர்றதுக்கு. அதுலதான். இல்ல, அதுல மட்டும்னு சொல்ல முடியாது. அந்தப் புள்ள விட்டிருக்கணும்.

ஆஸ்பத்திரியில சென்செய் ஒரு கேள்விதான் கேட்டாங்க. ஏன் தட்டலன்னு. நான் சாத்தப்பன்கிட்ட, "எங்க பொண்ணு தட்ட மாட்டா, பதினோரு வயசுலேருந்து தட்டுனதே இல்லன்னு சொல்லுங்க தம்பி"ன்னேன். பெருமையாத்தான் சொன்னேன். அந்தத் தம்பி என்னயப் பாத்தாரு, தரையப் பாத்தாரு. "இத அப்பிடியே சொல்லணுமாண்ணே"ன்னாரு. சொல்லச் சொன்னேன். சொன்னாரு. சென்செய் எந்திரிச்சு நின்னு, எனக்கு முன்னாடி இடுப்பு வரைக்கும் குனிஞ்சாங்க. நிமிரவே இல்ல. எம்புட்டு நேரம்னு நெனைக்கிறீங்க, எனக்கே முதுகு வலிச்சுருச்சு.

மறுநாளு ஓட்டலுக்கு அந்த மிஹோ, அதோட அப்பா அம்மா மூணு பேரும் வந்துட்டாங்க. துணியில கட்டுன மிட்டாய்ப் பெட்டி. தரையில முட்டி போட்டு, நெத்தி தரையில பட. அந்தப் புள்ள அழுத அழுகை இருக்கே. தப்பு இல்லாமயா சார் இப்பிடி மன்னிப்புக் கேப்பாங்க? நம்ம ஊர்ல எவனாச்சும் கேப்பானா? லாரிய மோதிட்டே உன் மேலதான் தப்புங்கிறான். அப்பவே எனக்கு விளங்கிருச்சு, தப்பு அவங்க மேலதான்னு. சாத்தப்பன் சொன்னாரு, "இங்க எல்லாம் அப்பிடித்தாண்ணே, தப்பு யாரு மேலன்னு பாக்க மாட்டாங்க, அவங்க கையில இருக்கும்போது நடந்ததுன்னா மன்னிப்புக் கேட்டுருவாங்க"ன்னு. நான் ஒத்துக்கல.

இவ என்ன பண்ணுனா தெரியுமா? கட்டுப் போட்ட கையோட கட்டில்லேருந்து எறங்கி, அந்தப் புள்ளைக்கு முன்னாடி இவளும் முட்டி போட்டுக் குனிஞ்சா. அந்தப் புள்ளைய விட இவ கீழ. "நீ எதுக்குடி குனியிற?"ன்னேன். ரெண்டும் கட்டிப்புடிச்சுக்கிட்டு ஒரே அழுகை. பாஷை தெரியாம என்னத்தத்தான் அழுதுச்சுங்களோ.

அப்பறம் என்ன, சுத்திப் பாத்தோம்.

ஏன் சார் அப்பிடிப் பாக்குறீங்க? திரும்பி வர்ற டிக்கெட்டு குறிப்பிட்ட தேதிக்குப் போட்டது. ரூம்புக்குள்ள உக்காந்து என்ன பண்றது? டாக்டரும் நடக்கலாம்னுதான் சொன்னாரு. கோட்டைக்குப் போனோம். கோயிலுக்குப் போனோம், செகப்பு வாசலா வரிசையா நிக்கிது, ஆயிரம் வாசல். நடந்துக்கிட்டே இருந்தோம். எனக்கு ஒண்ணும் தோணல சார். இம்புட்டு ஆசப்பட்டு வந்த ஊரு, வீட்டுச் செவுத்துல படம் ஒட்டி வச்சிருந்த ஊரு. பாத்தா பாத்த மாதிரியே இல்ல. ஆனாலும் நடந்தோம். ஊருல எல்லாரும் போட்டோ கேட்டாங்கல்ல, சங்கத்து வாட்ஸப்புல. கட்டு தெரியாம இருக்க, சங்கத்துல போத்துன சால்வைய இவ தோள்ல போத்தி விட்டு எடுத்தேன். "சிரிம்மா"ன்னேன். சிரிச்சுச்சு. எந்தப் போட்டோவ வேணாலும் பாருங்க, சிரிச்சிருக்கும்.

மான் பூங்காவுலதான் தெரிஞ்சுச்சு. அங்க மானெல்லாம் ரோட்டுல திரியிது, நம்ம ஊரு ஆடு மாதிரி. பிஸ்கட்டக் காட்டுனா தலையக் குனிஞ்சு கும்பிடுது. இவ எடது கையால குடுத்துக்கிட்டு நின்னா. நான் போட்டோ எடுத்தேன். அப்பப் பாத்தேன், இன்னொரு மானு பின்னாடியிருந்து வந்து, கட்டுலேருந்து வெளிய நீட்டிக்கிட்டிருந்த இவ சுண்டுவெரலயும் மோதிரவெரலயும் வாயில போட்டு மெல்லுது. மெல்லுது சார். இவ வேற எங்கயோ பாத்துக்கிட்டு நிக்கிறா. நல்ல போட்டோன்னு நானும் ரெண்டு எடுத்தேன். மூணாவது எடுக்கும்போதுதான் மண்டையில ஒறச்சுச்சு. "ஏம்மா, மானு வெரலக் கடிக்கிதே"ன்னேன். குனிஞ்சு பாத்தா. மெதுவா உருவிக்கிட்டா. "தெரியலப்பா"ன்னா.

"எப்பத்துலேருந்தும்மா?"

"அன்னைக்கிலேருந்தே."

"டாக்டர்ட்டச் சொன்னியா?"

"சொன்னேன்."

"எங்கிட்டச் சொல்லலயே?"

"நீங்க கேக்கலப்பா."

அம்புட்டுதான் பேச்சு. அப்பறம் பஸ்ஸுக்கு நேரமாச்சுன்னு நடந்தோம்.

ஊருக்கு வந்து இதோட நாலு மாசம். பட்டையக் கழட்டுறதும் மாட்டுறதுமா இருக்கு. போன வாரம் தோச ஊத்திக்கிட்டிருந்தா, வெரலு கல்லுல பட்டு பொசுங்குது, இவளுக்குத் தெரியல. வாட வந்து இவ அம்மாதான் ஓடிப் போயி இழுத்து விட்டா. இவ அம்மா, செல்வராணி, எங்கூடப் பேசி ரெண்டு மாசமாச்சு. சண்டையெல்லாம் இல்ல. சாப்பாடு போடுறா. நான் எதுக்க வந்தா செவுத்தப் பாக்குறா.

ஏன்னா, வீடியோ. என் செல்லுல இருந்ததப் போட்டுப் பாத்துட்டா. நான் அத முழுசாப் பாத்ததில்ல சார். எதுக்குப் பாக்கணும், நான்தான் அங்கயே இருந்தேனே. அவ அடுப்படியில வச்சுப் பாத்தா, கூடத்துல எனக்குச் சத்தம் மட்டும் கேட்டுச்சு. அந்த மிஹோ கத்துறது கேட்டுச்சு. சென்செய் ஓடி வர்ற காலடி கேட்டுச்சு. அதுக்கு முன்னாடி...

இவ என்னயப் பாத்தா சார். கை பூட்டுல இருக்கும்போது. எடது கை சும்மாதான் இருந்துச்சு, தரைக்கு மேல ஒரு சாண் ஒசரத்துல. தட்டப் போற மாதிரி. அப்பிடியே நிறுத்திட்டு என்னயப் பாத்தா. வேணாம்னு நான் தலைய லேசா ஆட்டுனேன். இப்பிடி. லேசாத்தான்.

தலைய ஆட்டுனா வீடியோவுல தெரியாதுல்ல, நான்தான எடுத்தேன். ஆனா பேசியிருக்கேன் போல. எனக்கே ஞாபகம் இல்ல. "தட்டாத"ன்னு கேக்குது. கிட்டக்க இருந்து, தெளிவா. "யோகா, தட்டாத. தட்டாத." ரெண்டு வாட்டி. அப்பறந்தான் மடக்குன்னு கேக்குது.

செல்வராணி திருப்பித் திருப்பி அதையே போட்டா. சத்தமா வச்சா. அப்பறம் செல்ல என் மடியில வச்சுட்டு உள்ள போயிட்டா.

அழுகை வரணும்ல சார்? வரல. அதுதான் எனக்கே ஒரு மாதிரியா இருக்கு. மெஷினு சுத்துற சத்தம் கேட்டுக்கேட்டு மில்லுக்காரனுக்குக் காது மந்தமாயிரும்ல, அப்பிடி இருக்கு உள்ள. பெத்த மனம் பித்து, பிள்ள மனம் கல்லும்பாங்க. எங்க வீட்டுல எது பித்து, எது கல்லுன்னு எனக்கு வெளங்கல.

விடுங்க. நடந்தது நடந்துருச்சு. இனிமே ஆகவேண்டியதப் பாக்கணும்ல? பிப்ரவரியில யுனிவர்சிட்டி செலக்‌ஷன். அஞ்சு மாசம் இருக்கு. நரம்பு ஒரு நாளைக்கி ஒரு மில்லிமீட்டர் வளருமாம், கணக்குப் போட்டா வந்துரும். டாக்டர்ட்ட மொதக் கேள்வி அதுதான், மறுபடி மெத்தையில எப்ப எறங்கலாம்னு. எடது கை நல்லாத்தான இருக்கு? எடது கைப் புடியில ஆடுற புள்ளைக எம்புட்டோ இருக்கு. குடோன்ல பழைய தார்ப்பாய மாத்திட்டேன், புதுசு போட்டாச்சு. இவகிட்ட இன்னும் சொல்லல. இன்னைக்கி டாக்டர் வாயால சரின்னு ஒரு வார்த்த வந்துருச்சுன்னா, நாளைக்கிக் காலையில நாலரைக்கே...

இருங்க சார்.

என்னம்மா? தண்ணி வேணுமா?

முழிச்சிருக்கா போல. கம்பியத் தட்டுறா பாருங்க, சீட்டுக் கம்பிய. எடது கையப் பின்னாடி கொண்டாந்து. திரும்ப மாட்டேங்கிறா. எப்பத்துலேருந்து முழிச்சிருக்காளோ.

ஏம்மா? வெயிலடிக்கிதா? சன்னலச் சாத்தவா?

மறுபடியும் தட்டுறா. டப் டப்.

சார். விருதுநகர்ல தட்டுனது சார். பதினோரு வயசுல. அதுக்கப்பறம் இப்பத்தான்...

சரிம்மா. விட்டுட்டேன். விட்டுட்டேம்மா.

நீங்க பேப்பரப் படிங்க சார்.